சிக்னல் வளைவில் நான் போட்ட அதட்டல்

சத்தம் போடுகிற பயணிகளை அடக்குவதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு கல் பாலிஷ், செங்கல் சூளை, ரப்பர் தோட்டம், அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் என்று எங்கும் நிலையாக இருந்ததில்லை. வாழ்நாள் தூக்கத்தில் பாதியை ரயிலிலும் பஸ்ஸிலும்தான் தூங்கியிருப்பேன். கழிவறைக் கதவோரம் குந்தியபடி தூங்கப் பழகியவனுக்குக் கூட்டமும் நாற்றமும் பெரிய விஷயமில்லை. பக்கத்தில் ஒருவன் போனில் காமெடி வீடியோவை அலறவிட்டால் மட்டும் எனக்குத் தலைக்குள் ஏதோ கொதிக்கும்.

கெஞ்சிச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. "உன் சொந்த வண்டியா?" என்பார்கள். வாட்ச்மேன் வேலையை விட்டு வந்தபோது அவர்கள் கொடுத்த காக்கி பேண்ட்டும் பிரவுன் ஷூவும் என்னிடமே தங்கிவிட்டன. முடியையும் ஒட்ட வெட்டியிருந்தேன். ஆள் கொஞ்சம் உயரம். ஒருநாள் ரயிலில் நான் எழுந்து நின்றதுமே எதிர் சீட்டுக்காரன் பாட்டை நிறுத்திவிட்டு, "சாரி சார்" என்றான். வழி கிடைத்துவிட்டது. அதிலிருந்து சட்டை எதுவானாலும் பயணத்துக்குக் காக்கி பேண்ட்தான். "எந்த ஊருப்பா நீ? அந்த போன இப்பிடிக் குடு" என்று மெதுவாகக் கேட்பேன். போலீஸ் என்று ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

போன புளி சீசனில் பொம்மிடி வியாபாரி ஒருவர், சித்தேரி மலையில் புளி மூட்டை தூக்க ஆள் வேண்டும், தங்க இடம் உண்டு என்று சொல்லியனுப்பினார். பெங்களூரிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்து பொம்மிடியில் இறங்கி, அரூர் போய், மலைக்குப் போகிற கடைசி பஸ்ஸைப் பிடித்தேன். வெள்ளிக்கிழமை. அரூருக்குச் சாமான் வாங்க வந்த பெண்கள் பையும் கூடையுமாக ஏறியிருந்தார்கள். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி மலை ஏறத் தொடங்கியதும் கண்ணை மூடிவிட்டேன்.

சத்தத்தில்தான் விழித்தேன். ஒரு வளைவில் வண்டி என்ஜினை அணைத்து நின்றிருந்தது. பஸ் முழுக்க ஒரே கூச்சல். எல்லார் காதிலும் போன், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். ஒருவர் திருப்பூரிலிருக்கும் மகனிடம் காய்ச்சல் விட்டதா என்று கேட்கிறார். இன்னொருவர் மாமனைத் திட்டுகிறார். எனக்கு நேர் பின்னால் இருந்த அம்மாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. ஸ்பீக்கர் வேறு போட்டிருந்தார்.

"அழுவாதடி. மொதல்ல சாப்டியா அதச் சொல்லு. ஏய், அழுவாதங்கறன்ல!"

போனுக்குள் ஒரு பெண் தேம்பிக்கொண்டிருந்தது. நான் எழுந்து நின்றேன்.

"என்ன இது, பஸ்ஸா சந்தையா? ஏன் நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

கண்டக்டர் ஓடி வந்தார். "தெனமும் இங்க கொஞ்ச நேரம் நிறுத்தறதுங்க சார். இதுக்கு மேல டவர் கெடையாதுங்க. ஊருக்குள்ள போயிட்டா மறுபடி எறங்கற வரைக்கும் பேச முடியாது. பாவம், பேசிக்கட்டும்னு..."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. புரியாமல் போயிருந்தாலாவது எனக்கு இப்போது ஒரு சாக்கு இருந்திருக்கும். ஆனால் எழுந்து நின்றாகிவிட்டது, பஸ்ஸே என்னைப் பார்க்கிறது. உட்கார முடியவில்லை.

"யார் குடுத்த பர்மிசன்? வண்டி நெம்பர் என்னா?" என்று கேட்டு என் போனை எடுத்துப் படம் பிடிப்பதுபோல் நீட்டினேன். டிரைவர் அன்றைக்கு மட்டும் மாற்றாக வந்தவர் போலிருக்கிறது. என் பேண்ட்டைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார்.

"அண்ணா, அண்ணா, ஒரே ஒரு நிமிசங்கண்ணா!" என்று பின்னாலிருந்து அந்த அம்மா கெஞ்சினார். அதே நேரம் போனுக்குள்ளிருந்த குரல், "அம்மா, நான் வந்துடட்டுமா?" என்று கேட்டது என் காதில் தெளிவாக விழுந்தது. வண்டி வளைந்தது. அந்த அம்மா "அலோ, அலோ" என்றார். அடுத்த வளைவிலும் "அலோ" என்றார். பிறகு பஸ்ஸில் யாருமே பேசவில்லை.

அந்த அமைதியில் நான் ஊர் வரைக்கும் நன்றாகத் தூங்கினேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓய்வு. திங்கட்கிழமை வேலை தொடங்கியது. களத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். மூட்டையாக்கி லாரியில் ஏற்றுவது எங்கள் வேலை. லுங்கியை மடித்துக் கட்டி முதல் மூட்டையை முதுகில் வாங்கியபோது ஒரு குரல் கேட்டது.

"ஏங்க சாரு, போலீஸ்ல இப்ப மூட்டயும் தூக்கச் சொல்றாங்களா?"

அதே அம்மா. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அன்னிக்கி பஸ்ஸுல வந்த சாரா இது?"

"ஆமாடி. நெம்பரெல்லாம் படம் புடிச்சிக்கினாரே!"

"பாத்துடி, புளியத் தட்டுற சத்தம் அதிகமா இருக்குதுன்னு புடிச்சிக்கினு போயிடப் போறாரு."

நானும் சிரித்து வைத்தேன். இப்படிப்பட்ட கேலி எனக்குப் பழக்கம்தான், தோலில் ஒட்டாது. மூட்டையை இறக்கிவிட்டு வந்து, சமாதானமாக ஏதாவது பேசலாம் என்று, "அன்னிக்கி யாருக்கா, மகளா? அழுதுச்சே, இப்ப நல்லா இருக்குதா?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மா தன் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கையிலிருந்த தடியால் காட்டினார். "இதோ இருக்கறா. கேட்டுக்கங்க."

பிறகு அவரே சொன்னார். தர்மபுரியில் நர்ஸ் படிப்பு. போய்ச் சேர்ந்த நாளிலிருந்து பிடிக்கவில்லை, வீட்டுக்கு வருகிறேன் என்று ஒரே அழுகை. ஆஸ்டலில் சாயங்காலம்தான் போனைக் கையில் கொடுப்பார்களாம். அரூரில் டவர் இருக்கும்போது மகள் கையில் போன் இருக்காது. மகள் கையில் போன் வரும்போது இவர் மலைமேல் இருப்பார். அந்த வளைவு ஒன்றில்தான் இரண்டும் சேரும். அதற்காகவே வெள்ளிக்கிழமை தவறாமல் அரூர் போய்வருவார்.

"படிப்ப முடின்னு சொன்னா கேக்க மாட்டா. இன்னும் ஒரே ஒரு வாரம் இருடி, அடுத்த வெள்ளிக்கெழம பாக்கலாம்னு சொல்லுவேன். சரின்னு ஒத்துக்கும். அப்பிடியே வாரம் வாரமா ஏமாத்திதான் மொத வருசத்த முடிக்கறாப்புல கொண்டாந்துட்டேன். அன்னிக்கி அதச் சொல்றதுக்குள்ளதான்..."

தடியால் புளியை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு, "மறுநா விடியறதுக்கு முன்ன எழுந்து அந்த வளைவுக்கு நடந்தேங்க. ஆஸ்டல் வார்டனுக்காவது போன் போட்டுப் பேசிடலாம்னு. பாதி தூரம் போறேன், கீழருந்து மொத பஸ்ஸு வருது. ஜன்னல்ல இவ மூஞ்சி" என்றார்.

நான் வேண்டுமானால் கூட வந்து ஆஸ்டலில் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். மனதாரத்தான் கேட்டேன்.

"எதுக்கு, அங்கயும் அந்தப் பேண்ட்ட மாட்டிக்கினு வர்றதுக்கா?" என்றார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. "போவச் சொன்னா இவ இப்ப மரத்துல ஏறி உக்காந்துக்குறா. அவங்கப்பன் குடகுல காப்பித் தோட்டத்துல இருக்கறாரு. அவருக்கு இன்னும் தெரியாது."

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது தண்ணீர்க் குடத்தருகே அந்தப் பெண் வந்தது. தள்ளி நின்றேன். தண்ணீரை மொண்டு முதலில் எனக்குத்தான் நீட்டியது. பதினெட்டு வயது இருக்கும். விரலெல்லாம் புளி.

"அம்மா பேசறத மனசுல வெச்சிக்காதீங்கண்ணா" என்றது. "அன்னிக்கும் இன்னும் ஒரு வாரம்னு சொல்லியிருந்தா இருந்துருப்பேங்க. சரின்னுதான் சொல்லியிருப்பேன், எப்பவும் சொல்றாப்புல. லைன் கட்டாயிடுச்சி, வேணாம்னு அம்மா ஒண்ணும் சொல்லல. சரி, வரச் சொல்றாங்கன்னு துணிய எடுத்துக்கினேன். உங்களாலதாங்கண்ணா நான் வூட்டுக்கு வந்தேன். நல்லா இருப்பீங்க."

கேலியாகச் சொல்கிறதோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையான சந்தோஷம். யாரும் எனக்கு அப்படி நன்றி சொன்னதில்லை. சொம்பை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுக் குடத்தின்மேல் வைத்தேன்.

திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா சாப்பிடப் போகாமல் களத்திலேயே இருந்தார். நாங்கள் பேசியது கேட்டிருக்கும். மகள் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் சாய்ந்துகொண்டது. அவர் விலக்கவில்லை. அந்த விரல்களைப் பிடித்து, நகக்கண்ணில் ஏறியிருந்த புளியை முந்தானையால் துடைக்கத் தொடங்கினார். ஒவ்வொரு விரலாக, வெகுநேரம் துடைத்தார்.