கெண்டி வெந்நீரும் முட்டத்துப் புழுவும்

வெள்ளிச்சந்தை மாதர் சங்கத்தில் தங்கபாய்க்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே, சாரின் மனைவி என்பதால் 'சாரம்மா'. அவள் நாலடி தள்ளிப் போனதும் 'புழு வாத்தியார் பெண்டாட்டி'. இரண்டாவது பெயர் அவள் காதில் விழாமலா இருக்கும்? விழுந்த நாளெல்லாம் வீட்டில் பாத்திரம் உருண்டது.

அவள் புருஷன் ஆபேல், மிஷன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவர். நல்ல மனுஷன். குடி கிடையாது, வெற்றிலைகூடக் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு புழுப் பைத்தியம். முட்டத்துக் கடற்கரைப் பாறை இடுக்கில், சிப்பிகளுக்கு நடுவே ஒரு தட்டைப்புழுவைப் பார்த்துவிட்டார். காகிதக் கனம், ஆரஞ்சு நிறம், ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி. எந்தப் புத்தகத்திலும் இல்லாத புழு என்று அவருக்கு நிச்சயம். அவர் நிச்சயம் யாருக்கு வேண்டும்? கிழியாமல், மடங்காமல், விரிந்தபடி ஒரு புழுவைக் காட்டினால்தான் புது இனம் என்று எழுத முடியும். இதுவோ விரல் பட்டால் கரைந்தது. ஸ்பிரிட்டில் போட்டால் சுருண்டு துண்டு துண்டாயிற்று. கல்கத்தா நிபுணர் ஒருவருக்கு அனுப்பினார். இந்தக் கூழை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை என்று அவர் கைவிரித்துவிட்டார்.

அன்றைக்கு ஆபேல் சார் சாப்பிடவில்லை. அதுவரை புழுவைத் திட்டிக்கொண்டிருந்த தங்கபாய்க்கு அப்போதுதான் வைராக்கியம் பிறந்தது. அந்தச் சனியனுக்கு ஒரு பேர் வைத்தே ஆகவேண்டும், ஊர் வாயை அடைத்தே ஆகவேண்டும்.

1931 மே மாதம், ஒரு சனிக்கிழமை. ஆபேல் சார் முட்டத்துக்குப் போய் உயிரோடு ஒரு புழுவைக் கொண்டுவந்தார். தனியாகக் குப்பியில் அடைத்தால் செத்துப்போகிறதே என்று, மீன்காரி செசிலியிடம் ஒரு கூடைச் சிப்பி வாங்கி, பாசியும் ஈரமுமாக அதற்குள்ளேயே விட்டிருந்தார். கூடையை அடுக்களை மூலையில் வைத்தார். வைத்த மனுஷன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா? மைக்ராஸ்கோப் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டார்.

முட்டத்துச் சிப்பி அடுக்களைக்கு வந்த பிறகு அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிற பொம்பளை அந்தப் பக்கத்தில் கிடையாது. தங்கபாய் தேங்காய் துருவினாள். சிப்பியை அகலமான சட்டியில் பரப்பினாள். வாய் பிளக்கட்டும் என்று கெண்டி நிறையக் கொதித்த வெந்நீரை ஒரே ஊற்றாக ஊற்றினாள். சரியாக அந்த நேரம் பார்த்து ஆபேல் சார் உள்ளே வந்தார்.

"என்னட்டி செய்தே?"

"சிப்பிக் கறி. ஏன்?"

"அதுக்குள்ள புழு கெடக்குட்டி!"

தங்கபாய் கெண்டியைத் தொப்பென்று கீழே வைத்தாள். "அய்யோ, ஒரு வார்த்த சொல்லப்படாதா? நான் கொன்னுட்டேனே!"

கை வேகிறதைப் பார்க்காமல் இரண்டு பேரும் சட்டியைத் துழாவினார்கள். ஒரு சிப்பி ஓட்டின் மேல் கிடந்தது புழு. செத்துத்தான் கிடந்தது. ஆனால் சுருளவில்லை! ஊர்ந்துகொண்டிருந்த மேனிக்கு, ஓரத்தில் ஒரு மடிப்பு இல்லாமல், பரப்பி விரித்துக் கிடந்தது. தலைப்பக்கத்துக் கண்புள்ளிகளை எண்ணிவிடலாம். ஆபேல் சார் குனிந்து எண்ணினார். பிறகு குதித்தார். வேட்டி அவிழ்வது தெரியாமல் குதித்தார்.

"சுருளுகதுக்கு நேரமே கொடுக்கலியேட்டி நீ! ஒரே ஊத்து!"

ஆனால் ஒன்று போதாது. முழுசாக வைக்க ஒன்று வேண்டும், மெழுகில் பதித்து மெல்லிசாகச் சீவி உள்ளமைப்பைப் பார்க்க வேறு வேண்டும். மறுநாள் அமாவாசை, கடல் நன்றாக உள்வாங்கும். அதை விட்டால் மழைக்காலம் முடிகிறவரை அந்தப் பாறையில் ஒருத்தரும் கால் வைக்க முடியாது. மறுநாளோ ஞாயிற்றுக்கிழமை. சபையில் பாட்டு எடுத்துக்கொடுப்பதே தங்கபாய்தான்.

"நீ கோயிலுக்குப் போ. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் ஆபேல் சார்.

"நீங்க பாத்துக்கிட்ட லட்சணந்தான் தெரியுமே. கர்த்தர் படைச்ச புழுதானே, ஒரு ஞாயிறு அவரு பொறுத்துக்கிடுவாரு."

கல்யாணமான பிறகு அவள் கோயிலுக்குப் போகாத முதல் ஞாயிறு அது. சபை அங்கே பாட்டில்லாமல் தவித்தபோது, தங்கபாய் முட்டத்துப் பாறையில் மூன்று கல் கூட்டி, தென்னைமட்டையைச் செருகி, கெண்டியைக் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தாள். ஆபேல் சார் கல்லைப் புரட்டி, புழுவைச் சிப்பி ஓட்டோடு எடுத்துத் தட்டில் வைப்பார்.

"இப்பம் ஊத்துட்டி!"

"பொறுங்க. இன்னும் முழுசா நீளல."

"போயிரும்ட்டி!"

"சும்மா நில்லுங்க!" புழு ஓரம் விரித்து நீண்டது. ஒரே ஊற்று. கிடந்தது பாருங்கள், அச்சு அசலாக! ஒன்று, இன்னொன்று, மற்றொன்று. அலை ஏறி அடுப்பை அணைத்தபோது இருவரும் முழங்கால் வரை நனைந்து, சின்னப் பிள்ளைகளாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வில்வண்டியில் திரும்பும்போது ஆபேல் சார் மெதுவாகக் கேட்டார்: "இதுக்கு ஒம் பேர வைக்கட்டா?"

"வச்சுப் பாருங்க! அன்னைக்கே எங்க அம்மை வீட்டுக்குப் போயிருவேன். புழுவுக்கு எம் பேரா?"

ஆபேல் சார் சிரித்துக்கொண்டே புழுக் குப்பிகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

அடுத்த கிறிஸ்துமஸ் கழிந்து அச்சுப் புத்தகம் தபாலில் வந்தது. புழுவின் படம், புள்ளி மாறாமல். அடியில் லத்தீனில் பேர். தங்கபாய் மிஷனில் படித்தவள், எழுத்துக் கூட்டினாள். முட்டம் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஆபேல். அதற்கும் பின்னால் தங்கபாய்!

"அப்பமே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, எம் பேர வைக்காதீங்கன்னு!"

"வைக்கலியே. புழு பேரு முட்டந்தான். பின்னால இருக்கது பேரு வச்சவங்க பேரு. இனி எந்தத் தேசத்துல எவன் இந்தப் புழுவப் பத்தி எழுதினாலும், நம்ம ரெண்டு பேரையும் சேத்துல்லா எழுதணும்!"

தங்கபாய் அந்த வரியை விரலால் இன்னொரு தடவை தடவினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், அப்புறம் புத்தகத்தைத் துடைத்தாள். அன்றைக்கு மாதர் சங்கக் கூட்டம். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். வாசற்படியில் நின்று, உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"புழு வாத்தியார் பெண்டாட்டி வந்திருக்கேன்!"