வெள்ளச்சியின் கால்விரல்

கூப்பிட்டால் ஓடிவந்து மடியில் உட்காரும் என் கோழி வெள்ளச்சி. பக்கத்து வீட்டு மாரியக்காவிடமும் வெள்ளைக் கோழிகள் உண்டு. அடையாளத்துக்காக, என் கால் நகங்களுக்குப் பூசிய சிவப்பு நெயில் பாலிஷையே அதன் விரல்களுக்கும் பூசிவிட்டு, சாயல்குடி சந்தைக்குப் போனேன்.

திரும்பி வந்தால், விரல் கிழிந்து ரத்தம் சொட்ட நொண்டிக்கொண்டு நிற்கிறது. மாரியக்கா வாசலில் மிளகாய் காயப்போட்டிருந்தார். கிளறப் போன கோழியைக் கல்லால் அடித்துவிட்டார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு சண்டைக்குப் போனேன்.

"வெரட்டத்தான் செஞ்சேன் தாயி, அடிக்கல" என்றார்.

"ஒரு பிள்ளையப் பெத்திருந்தா வலி தெரிஞ்சிருக்கும்!"

பிள்ளை இல்லாதவர். உள்ளே போய்விட்டார்.

வீட்டின் மற்ற கோழிகளுக்கு அரிசி போட உட்கார்ந்தேன். கால் பெருவிரலில் சுரீரென்றது. இரண்டு கோழிகள் என் சிவப்பு நகத்தை ரத்தமென்று நினைத்து மாறிமாறிக் கொத்தின. வெள்ளச்சியையும் இப்படித்தான் கொத்தியிருக்கின்றன.

உடனே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "சரி தாயி" என்றார், முகம் பார்க்காமல்.

வெள்ளச்சியின் புண் ஆறிவிட்டது. இப்போதும் மடியில் வந்து உட்காருகிறது. மாரியக்காதான் என் தலையைக் கண்டாலே உள்ளே போய்விடுகிறார்.

கோழிகள் தெரியாமல் கொத்தின. எங்கே கொத்தினால் வலிக்கும் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.