ஏழாவது மஞ்சள்

தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்க வரும் அந்த அம்மாளுக்கு ஊர் வைத்த பெயர் பட்டைக்காரி. பதினோரு வருடமாக வீடு வீடாகப் போய்க் குனிந்து மீட்டரைப் பார்ப்பவள், நிமிர்ந்ததும் பக்கத்து மரத்தின் பட்டையில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்பாள். புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் பயப்படுவார்கள். அவள் போன பிறகு, மரத்துக்கும் மீட்டர் இருக்கிறதோ என்று சுற்றிப் பார்ப்பார்கள்.

அவள் தேடுவது லைக்கன். பாசியும் காளானும் சேர்ந்து நடத்துகிற கூட்டுக் குடித்தனம் அது. பங்காளிச் சண்டை வந்ததாக இதுவரை தகவல் இல்லை. அவள் கைபேசியில் அதன் படங்கள் நாலாயிரம். கல்யாணப் படம் இரண்டு, அதில் ஒன்றில் கணவர் கண்ணை மூடியிருக்கிறார். அவர் வீட்டு முன்னறையில் கடிகாரம் பழுது பார்ப்பவர். அவர் கண்ணில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடியைக் கைபேசியின் முன்னால் பிடித்துத்தான் இவள் படம் எடுப்பது.

அன்று காலை ஒன்பதரைக்கு அச்சகத் தெருவுக்குள் திரும்பியவளுக்குக் கண் கூசியது. தெருவில் வெளிச்சம் அளவுக்கு மீறி இருந்தது. வெட்டிய மரங்கள் துண்டுதுண்டாகக் கிடந்தன. அச்சக வாசல் மரத்தில் மரம் வெட்டும் மேஸ்திரி கயிறு கட்டி முடித்திருந்தார். ரம்பக்காரர் இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த மரத்தில் இடுப்பு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பளீரென்று ஒரு மஞ்சள். ஐந்து வருடமாக அவள் மாதம் தவறாமல் படம் எடுத்துவரும் மஞ்சள்.

"மேஸ்திரி அண்ணே, இந்த மரத்த எதுக்கு?"

"உள்ளுக்குள்ள உளுத்த மரத்துக்கெல்லாம் ஆபீஸ்ல மஞ்சப் பெயின்ட் அடிச்சிருக்காங்கக்கா. இந்த ரெண்டு தெருவுல மொத்தம் ஏழு. ஆறு முடிஞ்சுது. ஏழாவத தேடித் தேடிக் கால் தேஞ்சு, இப்பதான் கண்ணுல பட்டுது."

ஏழாவது பெயின்ட் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும். அது அடுத்த தெருவில், அவள் வீட்டு வாசல் மரத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கணவர் மண்ணெண்ணெய்த் துணியால் அரைமணி நேரம் தேய்த்து அதை அழித்தார். மரம் போனால் பகல் வெயில் நேராக அவர் வேலை மேசையில் இறங்கும். 'காத்தடிச்சா யார் தலையில விழும்' என்று அன்று அவரிடம் கேட்க வாயெடுத்தவள், அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுக்காமல் இந்த மரத்தைக் காப்பாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

"இது பெயின்ட் இல்லண்ணே, உயிர் உள்ளது" என்று படங்களைக் காட்டினாள். ஐந்து வருடத்துக்கு முன் பெரிய நாணயம் அளவு இருந்த மஞ்சள், படத்துக்குப் படம் வளர்ந்திருந்தது.

மேஸ்திரி கைபேசியை எட்டப் பிடித்துப் பார்த்தார். "போன்ல தேதி மாத்துறது பெரிய வேலையாக்கா? என் மச்சான் போன்ல அவனுக்கு இன்னும் இருபத்தஞ்சு வயசு."

ரம்பக்காரர் சிரித்துக்கொண்டே இயந்திரத்தின் கயிற்றை இழுத்தார். இருமியது, பற்றவில்லை.

அவள் பையில் காஸ்டிக் சோடா கரைசல் கொஞ்சம், ஒரு சின்னக் குப்பியில் இருந்தது. மஞ்சள் லைக்கனில் ஒருவகை, அதில் ஒரு சொட்டு விட்டால் சிவக்கும். இன்னொரு வகை பெயின்ட் மாதிரியே சும்மா இருக்கும். இது சிவக்கும் வகை என்று லைக்கன் ஆர்வலர் குழுவில் அவள் அடித்துச் சொல்லியிருந்தாள். ஒரு தாவரவியல் பேராசிரியர் 'சந்தேகம்' என்று ஒரே சொல்லில் பதில் போட்டார். அதன் பிறகு சொட்டுவிடக் கை வரவில்லை. விட்ட இடம் பாழாகுமே என்று வெளியில் சொல்லிக்கொண்டாள். கௌரவமும் பாழாகும் என்பதைச் சொல்லவில்லை.

"ஒரு சொட்டு விடுறேன். செவந்தா இது உயிர். செவக்கலன்னா அறுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

முதலில் வெட்டிக் கிடந்த துண்டின் பெயின்டில் விட்டாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு மரத்தில் விட்டு, பூதக்கண்ணாடியைக் கைபேசியில் பிடித்துக்கொண்டாள். சொட்டு பட்டையில் ஊறியது. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"அக்கா, நேரமாகுது."

கரைசல் பழசு. மூன்று மாதமாகப் பையில் கிடந்தது. பழசானால் வீரியம் போய்விடும். இதை இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? பின்னால் ரம்பம் பற்றிக்கொண்டு அலறியது. அவள் இன்னொரு சொட்டு விட்டாள், கூடவே இன்னொன்று. ஓரத்தில் மங்கலாக ஏதோ ஊர்ந்தது. அது பரவி, கருத்து, பீட்ரூட் சாறு போலச் சிவந்தது. அவள் விரல் தானாகப் படத்தை எடுத்தது.

மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார். ரம்பம் ஓய்ந்தது.

"சரிக்கா, இது பெயின்ட் இல்ல. ஒத்துக்கறேன். அப்ப ஏழாவது எங்க?"

"ஆறுன்னு எழுதிக்குடுங்களேன்."

"பட்டியல்ல ஏழுன்னு இருக்கு. ஆறோட போனா ஆபீசரே கெளம்பி வருவாரு. வந்தா கயிறு கட்டின மரத்தக் காட்டி அறுன்னுட்டுப் போவாரு. அவருகிட்ட உங்க சொட்டு மருந்தெல்லாம் எடுபடாது."

கயிறு இன்னும் மரத்தில்தான் இருந்தது. அவள் நாலடி தள்ளிப் போய்க் கணவரை அழைத்தாள்.

"என்னங்க, மேசைய உள்பக்கமா தள்ளிப் போடுங்க."

"ஏன்?"

"வெயில் வரப்போகுது."

"யாரு போட்டுக்குடுத்தா?"

"இன்னும் யாரும் குடுக்கல. இப்பதான் குடுக்கப்போறேன்."

"பெயின்டே இல்லாத மரத்த எவன் நம்புவான்?"

"தட்டிப் பாத்தா சத்தமே சொல்லிடுமேங்க."

அழைப்பை வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். "கயித்த அவுருங்கண்ணே. அது அடுத்த தெருவுல இருக்கு. எங்க வீட்டு வாசல்ல."