இலவச ஜாதகம் கொண்டுவந்த குப்பை

திருவண்ணாமலை செங்கம் சாலையில் வெளியூர்க்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறேன். பௌர்ணமி கிரிவலம் போனபோது வழியில் ஜோசியப் பந்தல் போட்டிருந்த ஒருவன், "மெயில் ஐடி குடுங்கக்கா, ஜாதகம் ஃப்ரீயா வந்துடும்" என்றான். அறை முன்பதிவுக்கு வைத்திருந்த முகவரியையே எழுதிக் கொடுத்தேன். ஜாதகம் வரவில்லை. வழுக்கைக்கு எண்ணெய், கேட்காத கடன், வாங்காத லாட்டரிக்குப் பரிசு என்று குப்பைதான் வந்து குவிந்தது. 'அனுப்பாதே' என்று பதில் போட்டால், வெட்கங்கெட்ட கூட்டம் இன்னும் ஜாஸ்தியாக அனுப்பியது. எரிச்சலில் மொத்தத்தையும் பார்க்காமலே அழித்தேன்.

கார்த்திகை தீபத்தன்று, வருஷா வருஷம் வந்து தங்கும் சென்னை அம்மா பெட்டியோடு வாசலில் நின்றார். "மெயில் போட்டிருந்தேனே, பாக்கலியாம்மா?" அறைகள் நிரம்பிவிட்டதால் என் படுக்கையறையைக் கொடுத்துவிட்டுச் சமையலறையில் படுத்தேன்.

இப்போது எவன் இலவசம் என்று முகவரி கேட்டாலும், "மொதல்ல உன் அட்ரஸை எழுதிக் குடு" என்கிறேன். இதுவரை ஒருவனும் எழுதவில்லை.