பாதை திறந்ததை யாரும் போடவில்லை

கல்வராயன்மலையில் என் தங்கை பிரின்சிக்கு ‘நியூசக்கா’ என்று பெயர். வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூரில், மாணவர் விடுதியில் சமையல் வேலை. போன கிறிஸ்துமஸ் விடுப்பில் அவள் போனில் ஒரு செய்தியோடை அமைத்துக் கொடுத்தேன். மாவட்ட அறிவிப்புகளும் உள்ளூர்ச் செய்தித்தளங்களும் ஒரே இடத்தில் வந்து விழும். மஸ்கட்டில் என் போனிலும் அதே ஓடைதான்.

தினமும் காலையில் கோயில் மேட்டுக்கு ஏறுவாள். நெட் அங்கேதான் கிடைக்கும். அதிலும் தலைப்பு மட்டும் வரும், செய்தி திறக்காது. ரேஷன் கார்டு முகாம், கிராமசபைத் தேதி என்று இறங்கும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவாள். எல்லாம் முடிந்த பிறகு விவரம் கேட்கிற ஊர், இவளால் முதல் ஆளாகப் போய் வரிசையில் நின்றது.

அவள் கணவர் கிறிஸ்துதாசுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. வாரம் இருமுறை ஜீப்பில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். அது தவறினால் ஆள் இல்லை.

மழை வந்தது. ஓடையில் ஒரு தலைப்பு: மலைப்பாதையில் மண்சரிவு, போக்குவரத்து நிறுத்தம். பிரின்சி ஊருக்கே சொன்னாள். யாரும் வெளியே கிளம்பவில்லை. டயாலிசிஸ் நாள் தாண்டிப் போனது. அவருக்குக் கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது.

“அண்ணா, தொறந்துட்டாங்களான்னு பாரேன்.”

“பாத்துக்கினேதாம்மா இருக்கேன்.”

வேலை ஓடவில்லை. விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தேன். அதே தலைப்பு; திறந்தாலும் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மனம் பொறுக்காமல் அவள் பக்கத்து வீட்டு அம்சவள்ளியிடம் கேட்டாளாம்.

“இன்னும் மூடிக்கினுதான் கீதாம்டி.”

“யாருக்கா சொன்னது?”

“ஊரே சொல்லுதே!”

ஊருக்குச் சொன்னவளே பிரின்சிதான். அவள் சொல்தான் சுற்றிக்கொண்டு அவளிடமே திரும்பி வந்திருந்தது.

மறுநாள் காலை மேட்டிலிருந்து அழைத்தாள். “முகமே மாறிப் போச்சுண்ணா. கூப்ட்டா முழிக்கறாரு, பேச மாட்டேங்கறாரு. தூக்கிக்கினு நடந்தே எறங்கிடட்டுமா?”

அப்போது அவள் பக்கம் ஒரு ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வெள்ளிமலை டிரைவர் வேடியப்பனின் குரல்.

“இன்னா நியூசக்கா, உங்க ஊருலேருந்து ஒரு சவாரியும் காணோம்? வேற ஜீப்பு வாங்கிட்டீங்களா?”

“ரோடு மூடிட்டாங்களே அண்ணே.”

“அது அன்னிக்கே மத்தியானம் மண்ண வாரிட்டாங்க. நா தெனம் கள்ளக்குறிச்சி போய் வந்துக்கினு இருக்கேன்.”

“நெட்டுல இன்னும் மூடியிருக்குன்னுதான் கீது.”

“அப்ப நா எதும்மேல ஓட்டிக்கினு வந்தேன்? ஆத்துலயா?” என்று சிரித்தவர், அவள் அழுவதைப் பார்த்திருக்க வேண்டும். “தாசு எங்க? ஐயோ, இன்னாம்மா நீ! ஏறு, ஏறு!”

அழைப்பு அறுந்தது. பாதையை மூடினால் செய்தி. திறந்தால் அதை யார் எழுதுகிறார்கள்? அது தெரிந்த பிறகும் கை அந்த ஓடையைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் மலை இறங்கும் நேரம் முழுவதும் என் போனில் அந்தப் பாதை மூடியே கிடந்தது.

மத்தியானம் அழைத்தாள். “மிஷின்ல போட்டுட்டாங்கண்ணா. ஏன் இத்தன நாளுன்னு டாக்டரு கேக்கறாரு. நா இன்னாத்த சொல்ல?”

“பேசினாரா?”

“இன்னும் இல்ல.” மூச்சு விட்டாள். “அம்சவள்ளிக்காவுக்குப் போன் போட்டு, ரோடு தொறந்துதான் கீது, ஊருல சொல்லிடுன்னேன்.”

“இன்னா சொன்னாங்க?”

“‘நெட்டுல வந்துட்ச்சாடி?’ங்கறாங்கண்ணா.”