மடி நனையவில்லை

என் சித்தப்பாவின் பழைய பிக்கப் வண்டி காடாம்புலியூர்த் தோப்புகளில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு ஓடியது. ஓடியது என்பதைவிடத் துள்ளியது என்பதே சரி. பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் செத்து வருஷக்கணக்காகியும் பலாப்பழங்கள் புகார் சொன்னதில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த லீவில் சித்திக்கு ஒன்பதாம் மாத வளைகாப்பு. முடிந்ததும் அவள் சிதம்பரத்துக்கு, தன் அம்மா வீட்டுக்குப் போகவேண்டும். முந்தைய குழந்தை தங்கவில்லை. இந்தமுறை உடம்பு குலுங்கவே கூடாது என்றிருந்தார் டாக்டரம்மா. முதல் நாளே வந்துவிட்ட சித்தியின் அண்ணன், வண்டியைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தார்.

"மாப்ள, ஒங்க வண்டில பலாப்பழமே பொளந்துக்குது. தங்கச்சிய நான் கார் வச்சு இட்டுகினு போறேன்."

சித்தப்பா கடலூர் போய் இரண்டு புது ஷாக்குகளோடு வந்தார். முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கி வைத்து, அடியில் படுத்தார். நானும் படுத்தேன். துருப்பிடித்த நட்டு மண்ணெண்ணெய் குடித்து அரைமணி யோசித்த பிறகே அலறிக்கொண்டு கழன்றது. பழைய ஷாக்கை அமுக்கினேன்; அமுங்கி அப்படியே கிடந்தது. புதியதன்மேல் முழு உடம்பையும் போட்டு அமுக்கினேன். கொஞ்சம் இறங்கியது. பிறகு மெதுவாக, அவசரமே இல்லாமல், என்னைத் தூக்கியது!

"உள்ள யாரு சித்தப்பா இருக்கா?"

"காத்தும் எண்ணெயுந்தான். ஒன்னவிடப் புடிவாதம்."

மாட்டி முடித்ததும் வண்டியின் பின்புறத்தை அமுக்கிப் பார்த்தோம். முன்பெல்லாம் நாலு முறை ஆடும். இப்போது இறங்கி, ஏறி, நின்றது. மலையே என் பேச்சைக் கேட்டதுபோல் இருந்தது.

சித்தப்பா கழுத்துவரை தண்ணீர் நிரம்பிய சொம்பை என் மடியில் வைத்தார். "மச்சான், ஊரச் சுத்தி வரோம். இவ மடி நனைஞ்சா ஒங்க காரு."

முதல் பள்ளத்தில் தண்ணீர் விளிம்புவரை வந்து திரும்பியது. அடுத்துச் சிறுபாலம். அந்தப் புது ஷாக் தோற்பதை என்னால் தாங்கமுடியாது. குனிந்து இரண்டு மடக்கு குடித்துவிட்டேன்.

திரும்பியதும் மாமா என் பாவாடையைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. சொம்பைப் பார்ப்பதற்குள் சித்தி வாங்கி, என்னை ஒரு பார்வை பார்த்து, மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டாள். பாவம், தாகம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் இரண்டு கையும் கண்ணாடி வளையலாகச் சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நடுவில் நான். மாமா பைக்கில் பின்னால் வந்தார். வயிற்றுக்குள் பத்திரமாக வந்து, இன்று அதே வண்டிச் சாவிக்குச் சண்டை போடுகிற தம்பியையும் சேர்த்தால் வண்டிக்குள் நாலு பேர்.

வடலூர் தாண்டியதும் ரோடு பல்லிளித்தது. சித்தப்பா ரோட்டிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "கேட்டியா, ஒரு வளையல் சத்தங்கூட இல்ல."

"ஆமாங்க. மெத்தையில ஒக்காந்தாப்ல இருக்குது."

நான் திரும்பிப் பார்த்தேன். சித்தி முந்தானையை இரண்டு கை வளையல்கள்மேலும் சுற்றி, மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். உடைந்துவிடும் என்று பயப்படுகிறாள்.

"ஒண்ணும் ஒடையாது சித்தி," என்றேன் அவள் காதில், "அதான் புது ஷாக் மாட்டிருக்கோமே."

சித்தி சிரித்தாள். பிடியை மட்டும் விடவில்லை.