பவளத் தொட்டிக்கு ஒரு பம்ப்

பம்ப் விஷயத்தில் என்னோடு யாரும் வாதாட வரக்கூடாது. போர்ட் பிளேரில் அரசாங்க வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காகச் சேர்ந்த நாள் முதல் இதை நான் வாய்விட்டே சொல்லி வந்தேன். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் இறங்கி ஏறி வளர்ந்தவன் நான். ஆழக் கிணற்றின் நடுவில் ஒற்றைப் பலகை மேல் நின்றுகொண்டு மோட்டாரைக் கழற்றிப் பூட்டியவன். தீவுக்கு வந்தபிறகு குடிநீருக்கும் படகுத்துறையான ஜெட்டிக்கும் மர ஆலைக்கும் எத்தனையோ பம்ப் மாட்டினேன். ஒன்றுகூட என் முகத்தில் கரி பூசியதில்லை. இந்தத் திமிரை மறைத்துவிட்டு மேற்கொண்டு எழுத முடியாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கடலோரமாக ஒரு பெரிய சிமென்ட் தொட்டி கட்டினார்கள். இரண்டு ஜீப்பைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள் படகேறாமலே பவளப்பாறையைப் பார்க்க வேண்டும், அதுவும் உயிரோடு பார்க்க வேண்டும் என்பது நாங்கள் சாப் என்று கூப்பிடும் வங்காளி அதிகாரியின் ஆசை. மீன் இருக்கும், நட்சத்திர மீன் இருக்கும், மான்கொம்பு போல் கிளைவிட்ட பவளம் இருக்கும். கீழே ஒரு குழித்தொட்டியில் மணல் வடிகட்டி. அங்கிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, இரவு பகலாக ஓடவிட வேண்டும். அதற்கு எந்த பம்ப் என்று முடிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது.

பவளத்தைக் கொண்டுவரும் வேலை இன்னொருவருக்கு. அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், சங்கு குளித்தவர், என் வயதுதான். மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினால், ஆள் போய்விட்டார் என்றே மேலே நிற்கிறவன் நினைப்பான், அவ்வளவு நேரம் கழித்து வருவார். நான்கு வருடமாக மஸ்டர் ரோலில், அதாவது தினக்கூலியாக இருந்தார். தொட்டி நன்றாக அமைந்தால் டைவர் என்று ஒரு வேலையை உண்டாக்கி அவரைப் பர்மனென்ட் ஆக்குவதாக அதிகாரி சொல்லியிருந்தார். பர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். குவார்ட்டர்ஸ் கிடைத்தால் ஊரிலிருக்கும் மனைவியைக் கப்பலேற்றி அழைத்துவரலாம். எந்தப் பேச்சை எடுத்தாலும் அவர் கடைசியில் அங்கேதான் போய் நிற்பார்.

பம்ப் கம்பெனிகளின் கேட்லாக் கப்பலில் வந்து சேர்ந்தது. வார்ப்பிரும்பு பம்ப் ஒன்று, கன்மெட்டல் பம்ப் ஒன்று. எனக்கு யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. உப்புத் தண்ணீரில் இரும்பு போட்டால் ஒரு வருடத்தில் பல்லிளித்துவிடும். கன்மெட்டல் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்தது, துரு ஏறாது. ஜெட்டியில் எந்த இன்ஜின்காரனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். அதிலும் இருப்பதிலேயே உயரமாகத் தண்ணீரை அடிக்கிற மாடலைக் கேட்டு எழுதினேன். எங்கள் ஊரில் பம்பின் மதிப்பு அது எவ்வளவு உயரம் தூக்குகிறது என்பதில்தான் இருக்கிறது. என் தொட்டிக்கு ஆளுயரம் தூக்கினால் போதும் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

பம்ப் வந்தது, மாட்டினேன், தண்ணீர் சீறிக்கொண்டு விழுந்தது. சங்குகுளிக்காரர் பல நாள் குளித்துப் பவளங்களை ஒவ்வொன்றாக ஈரச்சாக்கு போர்த்தித் தூக்கிவந்தார். முதல் வாரம் தொட்டி கல்யாண வீடு. நான் குடியிருந்த பத்துபஸ்தியிலிருந்து சைக்கிளை மிதித்து ஞாயிற்றுக்கிழமைகூட வந்து நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பம்பைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். "என் தொட்டியில பாசிகூடப் பிடிக்காதுங்க" என்று ஒரு தெலுங்கு கான்ட்ராக்டரிடம் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

இரண்டாவது வாரம் நட்சத்திர மீனின் கைகள் சுருண்டன. அடுத்து, தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும் கடல் சாமந்திகள் சுருங்கிக் கூழாகின. பிறகு பவளம் மேலிருந்து கீழாக வெளுத்தது. மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காதது போல் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு மாதத்தில் தொட்டி நிறைய வெறும் சுண்ணாம்புக் கற்கள்.

அதிகாரிக்கு எரிச்சல் தாங்கவில்லை. மீன் பிழைத்திருப்பதால் தண்ணீரில் குற்றமில்லை, பவளத்தைக் கடப்பாரையால் நெம்பி அடிபட வைத்துக் கொண்டுவந்திருக்கிறான் என்று முடிவு கட்டினார். சங்குகுளிக்காரர் என்னிடம் வந்து புலம்பினார்.

"மாதாமேல ஆணையாச் சொல்லுதேன் அண்ணே, கம்பியத் தொடவே இல்ல. கைய வச்சு ஆட்டிப் பாப்பேன். தானா அசையிறத மட்டுந்தான் எடுத்தேன்."

"நீங்க கவலப்படாதீங்க. பம்ப்பக் கழட்டிக் காட்டறேன். கோளாறு எங்கீன்னு சாப்புக்கே தெரிஞ்சுட்டுப் போவுது" என்றேன். பம்பைக் கழற்றினால் என் பேர் தப்பிக்கும் என்பதுதான் என் கணக்கு. அவர் பேர் எப்படித் தப்பிக்கும் என்று நான் யோசித்ததாக இப்போது பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை பம்ப் அறையில் அதிகாரியும் ஒரு கிளார்க்கும் நின்றார்கள். சங்குகுளிக்காரர் வாசலில் நின்றார். நான் போல்ட்டுகளைத் தளர்த்தி மூடியைத் திறந்தேன். உள்ளே அப்படியே தங்கம் மாதிரி இருந்தது. துரு இல்லை, கசடு இல்லை, ஒரு சிப்பி ஒட்டியிருக்கவில்லை. நான் நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தேன், அவ்வளவு பெருமை எனக்கு.

"பம்ப் டீக் ஹை" என்றார் அதிகாரி. பிறகு வாசல் பக்கம் கையைக் காட்டி, "தோ கல்தி இஸ்கா ஹை" என்றார். பம்ப் சரியாக இருக்கிறது, அப்படியானால் தப்பு இவனுடையதுதான் என்று அர்த்தம். நாளையிலிருந்து இவன் பெயர் மஸ்டர் ரோலில் வேண்டாம் என்று கிளார்க்கிடம் சொன்னார்.

என் கை பம்புக்குள்ளேயே இருந்தது. வழவழவென்று விரலில் வழுக்கியது. ஜெட்டியில் ஒரு மூங்கிலை நட்டால் இரண்டு வாரத்தில் சிப்பி அப்பிவிடுகிற கடல் இது. இதன் தண்ணீர் ஒன்றரை மாதம் ஓடியும் இதில் ஒன்றுகூட ஒட்டவில்லையே என்று தோன்றியது. படகுகளைக் கரையேற்றி அடிப்பாகத்துக்குச் சிவப்பு பெயின்ட் அடிக்கிறார்களே, அந்த டப்பாவைக் கலக்கிக் கொடுக்கிறவனே நான்தான். செம்பு பெயின்ட். எதற்கு அடிக்கிறோம்? சிப்பியும் பாசியும் பிடிக்காமல் சாகத்தான் அடிக்கிறோம். அதே செம்பை ஒரு தொட்டிக்குள், அதே தண்ணீரில், மறுபடி மறுபடி சுற்றவிட்டிருக்கிறேன். மீன் தாங்கிவிட்டது, பூப்போல இருந்தவை எதுவும் தாங்கவில்லை.

அந்த அறையில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். மூடியைப் போட்டுப் போல்ட்டை முடுக்கினால் முடிந்தது கதை. மூடியை எடுத்து வைத்து ஒரு போல்ட்டை முடுக்கியும்விட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் முடுக்கினேன். கிளார்க் பேனாவைத் திறந்ததும் என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது.

"சாப், பம்ப் டீக் நஹீ ஹை. பம்ப் நே மாரா" என்றேன். பம்ப் சரியில்லை, பம்ப்தான் கொன்றது என்று. என் இந்திக்கு அதற்குமேல் நீட்டிச் சொல்லத் தெரியாது.

எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. சங்குகுளிக்காரரின் பெயர் மஸ்டர் ரோலில் தங்கியது. ஆனால் பர்மனென்ட் பைலை அதிகாரி மேஜைக்குள் போட்டுவிட்டார். தொட்டியில் உயிர் வந்தால்தான் டைவருக்கு வேலை, அப்போது பார்க்கலாம் என்றார். அதிலும் நியாயம் இருந்தது.

இந்தத் தடவை கேட்லாக்கைத் திறக்குமுன் சங்குகுளிக்காரரோடு படகில் போனேன். எனக்கு நீச்சல் தெரியாது. அடியில் கண்ணாடி வைத்த ஒரு மரப்பெட்டியைத் தண்ணீரில் அமிழ்த்தி, அதன் வழியாகப் பார்க்கச் சொன்னார். கீழே எதுவும் சீறவில்லை. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தது, கொஞ்ச நேரம் நின்றது, மறுபக்கம் சாய்ந்தது. வேகமே இல்லை, ஆனால் நகர்கிற தண்ணீருக்கு அளவில்லை. நான் வாங்கிய பம்ப் கொஞ்சம் தண்ணீரை வானத்துக்கு அடிக்கும். இங்கே வேண்டியது ஏராளமான தண்ணீர், முழ உயரத்துக்கு, மெதுவாக. அதற்குப் பம்புக்குள் சுற்றும் சக்கரமே வேண்டாம், எந்த உலோகமும் வேண்டாம் என்று படகிலேயே முடிவு செய்துவிட்டேன். சொன்னேனே, பம்ப் விஷயத்தில் நான் லேசுப்பட்டவன் இல்லை.

எங்கள் ஊரில் போர்வெல் குழிக்குள் கம்ப்ரசரால் காற்றை அனுப்பித் தண்ணீர் எடுப்பார்கள். குழாயின் அடியில் காற்றை விட்டால் குமிழியோடு தண்ணீரும் மேலே வரும். அதையே செய்தேன். வண்டி டயருக்குக் காற்றடிக்கும் பழைய கம்ப்ரசர் ஒன்றைக் கேட்டு வாங்கி, காற்றில் எண்ணெய் வராமலிருக்க நடுவில் கரியும் பஞ்சும் அடைத்த டப்பா வைத்தேன். கீழே இருந்த குழித்தொட்டியை விட்டுவிட்டு, பெரிய தொட்டியின் இரண்டு கோடியிலும் கறுப்பு பிளாஸ்டிக் குழாய்களை வரிசையாக நிறுத்தினேன். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் காற்றை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பினால் ஓட்டமும் திரும்பும். பழைய தண்ணீரை முழுக்க இறைத்துத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, கடலிலிருந்து புதுத் தண்ணீர் ஏற்ற மட்டும் முழுக்க இரும்பாலான பம்ப் வைத்தேன். துருப்பிடிக்கட்டும், மாற்றிக்கொள்ளலாம்.

ஓட்டம் சரியா என்று பார்க்க என்னிடம் எந்தக் கருவியும் இல்லை. சங்குகுளிக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினார். சிலுவை போட்டுக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்தார். கண்ணாடி வழியாக அவர் முகம் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு மூலையாக நகர்ந்து உட்கார்ந்துவிட்டு மேலே வந்தார்.

"அந்த மூலையில தண்ணி செத்துக் கெடக்கு அண்ணே. தோல்ல ஒண்ணும் தட்டல."

குழாயை மாற்றினேன். மறுபடி இறங்கினார். மாற்றினேன். இப்படி எத்தனை நாள் என்று எண்ணவில்லை. ஒருநாள் மேலே வந்து தலையைச் சிலுப்பிக்கொண்டு, "இப்பம் பார்ல இருக்க மாதிரி இருக்கு. கொண்டாரலாம்" என்றார். பார் என்றால் அவர்கள் பேச்சில் பவளப்பாறை.

முதலில் இரண்டே துண்டு வைத்துப் பார்த்தோம். பிழைத்தன. பிறகு ஐந்து, பிறகு பத்து. பவளத்தின் கிளைகளில் கடுகு கடுகாகப் பூத்து நின்றதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது, அதைச் சொல்ல எனக்கொன்றும் கூச்சமில்லை. மொத்தம் ஆறு மாதம் ஆனது. பைல் மேஜையிலிருந்து வெளியே வந்தது, ஆர்டர் வந்தது, அதற்கடுத்த கப்பலில் அவர் மனைவியும் வந்தார்.

கப்பலிறங்கிய மறுநாளே சங்குகுளிக்காரர் மனைவியைத் தொட்டியைப் பார்க்க அழைத்து வந்தார். அந்த அம்மா கண்ணாடி முன் வெகுநேரம் நின்றார்.

"இந்தக் கல்லுக்கா நாலு வருசம்?" என்று கணவரைக் கேட்டார்.

அவர் சிரித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தப்பை ஒப்புக்கொள்வதிலும் எனக்கு அப்போது ஒரு பெருமை வந்துவிட்டிருந்தது. "அதுல ஆறு மாசம் என்னாலதானுங்க அம்மிணி. மொதல்ல தப்பான பம்ப்ப மாட்டினது நாந்தான். இல்லீன்னா வைகாசியிலயே ஆர்டர் வந்திருக்கும்" என்றேன்.

"வைகாசியிலயா?" என்று அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. "ஆடியிலதான் இவுக அம்மா தவறிப் போனாக. தந்தி குடுத்தோம். தினக்கூலிக்கு லீவு கெடையாது, வந்தா பேர எடுத்துருவாகன்னு இவுக பதில் போட்டாக."

ஆடி மாதம் முழுக்க நானும் அவரும் அந்தத் தொட்டியில்தான் கிடந்தோம். குழாயை மாற்றினால் இறங்குவார், மேலே வந்து என்ன குறை என்று சொல்வார். வேறொன்றும் சொன்னதில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீங்க வேலைய நிப்பாட்டிருப்பிய அண்ணே" என்றார்.

நிறுத்தியிருப்பேனா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.